மாட்டேன் என்று சொன்ன மங்கை



காலையில் நாளிதழைப் பிரிக்கிறீர்கள். செய்திக்கு முன்னே விளம்பரம் நிற்கிறது. கடைத்தெருவுக்குப் போகிறீர்கள்; சுவரெல்லாம் விளம்பரம். மாலையில் தொலைக்காட்சியைத் திறந்தாலும், கைப்பேசியைக் கையில் எடுத்தாலும் அதுவே. சோப்பு, ஷாம்பு, மசாலாப் பொடி, குழந்தைக்குப் பால்மாவு, சமையலறைக்குக் குக்கர் என்று வரிசை வரிசையாக வரும் இவற்றில் பெரும்பாலானவை யாரை நோக்கிப் பேசுகின்றன? உங்களை நோக்கித்தான்! வீட்டுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பவள் இல்லத்தரசி என்பது வியாபாரிகளுக்கு நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த கணக்கு.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. உங்களை நோக்கிப் பேசும் அந்த வாசகங்களை எழுதுபவர் யார்? எழுதச் சொல்பவர் யார்? ‘இது தகாது, இதை வெளியிட வேண்டாம்’ என்று தடுத்து நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகருக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே ஒரு பெண்மணி தாம் தகாது என்று கருதிய விளம்பரத்தைச் செய்ய மறுத்தார்; வேலையை இழந்தார்; மறு ஆண்டே சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய வரலாறு, நம் பெண்மக்களைப் படிக்க வைத்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியதாகும்.

விளம்பர நிறுவனம் என்பது என்ன?

முதலில் இந்தத் தொழிலின் அமைப்பைச் சற்றுப் புரிந்துகொள்வோம். சோப்பு தயாரிப்பவர் தாமே விளம்பரம் எழுதுவதில்லை. அதற்கென்று இருக்கும் விளம்பர நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். அந்த நிறுவனத்தில் வாசகம் எழுதுவோர், படம் வரைவோர், எந்தப் பத்திரிகையில் எந்த நாளில் இடம் பிடிப்பது என்று கணக்கிடுவோர் எனப் பலர் இருப்பார்கள்.

இவர்களுக்கு வருமானம் எப்படி வந்தது? நெடுங்காலம் நிலவிய வழக்கம் 15 விழுக்காடு கமிஷன். பத்திரிகையில் 100 டாலருக்கு ஒரு பக்கம் வாங்கினால், வாடிக்கையாளரிடம் 100 டாலர் பெற்று, பத்திரிகைக்கு 85 டாலரைக் கட்டி, மீதம் 15 டாலரைத் தனதாக்கிக் கொள்ளும் நிறுவனம். இக்காலத்தில் பெரும்பாலும் வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. இதற்கு ஆலை வேண்டாம், இயந்திரம் வேண்டாம், கிடங்கில் சரக்கு வேண்டாம். சொத்து என்று இருப்பதெல்லாம் மனிதரின் மூளைதான். அறிவும் சொல்வன்மையும் உள்ள ஒரு பெண் எளிதாக நுழையக்கூடிய தொழில் என்றுதானே தோன்றுகிறது? வேலைக்கு நுழைவது ஓரளவுக்கு எளிதாகத்தான் இருந்தது. உரிமையாளர் ஆவதுதான் கடினமாக இருந்தது.

எழுத வா, அமர வராதே!

அமெரிக்காவில் 1880-ஆம் ஆண்டிலேயே மெத்தில்டு வெயில் என்னும் அம்மையார் நியூயார்க்கில் சொந்தமாக ஒரு விளம்பர நிறுவனம் நடத்தத் தொடங்கினார். ஆனால் அவர் விதிவிலக்கு. பெண்கள் வாங்கும் பொருளுக்குப் பெண்ணே எழுதினால்தான் எடுபடும் என்று கண்டுகொண்ட நிறுவனங்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களை வேலைக்கு எடுத்தன. ஹெலன் லான்ஸ்டவுன் என்னும் பெண்மணி 1911-இல் ஒரு சோப்புக்கு எழுதிய விளம்பரம் அந்நாட்டு விளம்பர வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

திறமையை ஏற்றுக்கொண்ட அதே உலகம், அவர்களைச் சரிசமமாக உட்காரவைக்கவில்லை. நியூயார்க்கில் விளம்பரத் தொழில் செய்வோருக்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே பெண்கள் 1912-இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள்.

ஷெர்லி பாலிகாஃப் என்பவரின் வாழ்வைப் பாருங்கள். 1956 முதல் தலைச்சாயம் ஒன்றுக்கு அவர் எழுதிய விளம்பரங்கள் நாடு முழுவதும் பெண்களின் பழக்கத்தையே மாற்றின. ஆனால் அவர் எழுதியது பிறருடைய நிறுவனத்துக்காக. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 1973-இல், 65 வயதில்தான் தம் பெயரில் ஒரு நிறுவனத்தைத் திறந்தார்.

கரோலின் ஜோன்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 1963-இல் ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் காரியதரிசியாகச் சேர்ந்தார். பின்பு அங்கேயே விளம்பரம் எழுதப் பயிற்சி பெற்றார். தம் பெயரைத் தாங்கிய சொந்த நிறுவனத்தை அவர் தொடங்கியது 1986-இல். காரியதரிசி நாற்காலிக்கும் முதலாளி நாற்காலிக்கும் இடையே 23 ஆண்டுகள்!

மலையடிவாரத்துச் சிறுமி

இப்போது சிகாகோவுக்கு வருவோம். நாம் சொல்ல வந்த பெண்மணியின் பெயர் பார்பரா கார்ட்னர் பிராக்டர். 1932-இல் வட கரோலினா மாநிலத்தில் பிளாக் மவுண்டன் என்னும் சிற்றூரில், கறுப்பினத்தவரை எல்லா இடத்திலும் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் பிறந்தவர். தாய்க்கு அப்போது 16 வயது; மணமாகாதவர். குழந்தையைப் பாட்டிதான் வளர்த்தார். அவர்கள் குடியிருந்த குடிசையில் மின்விளக்கும் இல்லை; குழாய்த் தண்ணீரும் இல்லை.

அந்தப் பாட்டி பேத்தியிடம் ஒளிவு மறைவின்றிப் பேசுவாராம். நீ ஒன்றும் அழகியல்ல, ஆனால் புத்திசாலி, ஒரு நாள் நீ உருப்படியான நிலைக்கு வருவாய் என்ற கருத்தைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். ‘நிறம் கம்மி, எப்படிக் கரையேற்றுவதோ’ என்று பெண் குழந்தையின் காதுபடவே பேசும் வீடுகள் நம்மிடமும் உண்டல்லவா? அந்த ஏழைப் பாட்டி பேத்தியின் முகத்தை அளந்துகொண்டிருக்காமல் அவளுடைய அறிவைக் கண்டுகொண்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பார்பரா அலபாமா மாநிலத்துத் தல்லடேகா கல்லூரியில் படித்து 1954-இல் பட்டம் பெற்றார். ஊருக்குத் திரும்பி ஆசிரியை ஆவதுதான் எண்ணம். கோடை விடுமுறை வேலை ஒன்றை முடித்துக்கொண்டு வரும் வழியில் சிகாகோவில் இறங்கினார். புதுத் துணிமணிகளைக் கண்ட ஆசையில் கையிலிருந்த பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டார்! ஊருக்குப் போக வண்டிச் சத்தம் இல்லை. அங்கேயே தங்கி வேலை தேடினார். அப்படித் தங்கியவர் சிகாகோவையே சொந்த ஊராக்கிக் கொண்டார்.

இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, தட்டுகளின் உறைகளில் அச்சிடும் குறிப்புகளை எழுதினார். பின்னர் அதன் வெளிநாட்டுப் பிரிவைக் கவனிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். மணமாயிற்று, ஒரு மகன் பிறந்தான், 1963-இல் மணமுறிவு. குழந்தையை வளர்க்கும் பாரம் தாயின் தோளில் விழுந்தது. 1964-இல் விளம்பரத் துறைக்கு வந்தார். சிகாகோவின் விளம்பர நிறுவனங்களில் அதுவரை ஒரு கறுப்பினப் பெண் அப்படிப்பட்ட பணியில் இருந்ததில்லை.

போராட்டத்தைக் கேலி செய்த விளம்பரம்

1950-களிலும் 60-களிலும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் சம உரிமைக்காக நடத்திய அறப்போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட உணவு விடுதிகளில் இளைஞர்கள் அமைதியாக வந்து உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். பலர் உயிரையும் கொடுத்தார்கள். 1968-இல் அப்போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்கு மறு ஆண்டு, 1969-இல், பார்பரா வேலை பார்த்த நிறுவனத்துக்குக் கூந்தலுக்குப் போடும் நுரைப் பூச்சு ஒன்றின் விளம்பரம் வந்தது. அவரிடம் காட்டப்பட்ட யோசனை இதுதான்: பெண்கள் கூட்டமாகத் தெருவில் ஓடிவருவார்கள். கையில் நுரை டப்பாக்களை ஆட்டுவார்கள். கூந்தல் அலங்காரம் செய்பவரிடம் அந்த நுரையைத்தான் பூச வேண்டும் என்று ஆர்ப்பாட்டம் செய்வார்கள். உரிமைப் போராட்டத்தையே கேலிக்கூத்தாக்கும் காட்சி!

பார்பரா அம்மையார் மறுத்தார். இது போராடிய மக்களை இழிவுபடுத்துகிறது, பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்றார். நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள் சகோதரிகளே! அவருக்குத் திறமை இருந்தது. அனுபவம் இருந்தது. மனசாட்சியும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த நிறுவனம் அவருடையதல்ல. ஊழியர் ‘மாட்டேன்’ என்று சொன்னால் ஊழியர்தான் வெளியே போக வேண்டியிருக்கிறது. உரிமையாளர் ‘மாட்டேன்’ என்று சொன்னால் அந்த வேலை வெளியே போகிறது. ஒரே சொல், அதைச் சொல்பவர் அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து விளைவு தலைகீழாகிவிடுகிறது!

அடமானம் வைக்க என்ன இருக்கிறது?

சொந்த நிறுவனம் தொடங்குவதென்று அவர் முடிவு செய்தார். பணம்? அமெரிக்க அரசின் சிறுதொழில் உதவி அமைப்பிடம் கடன் கேட்டுப் போனார். அடமானமாக என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வீடு இல்லை, நிலம் இல்லை, நகை இல்லை. ‘என்னையே வைக்கிறேன்’ என்னும் கருத்தில் பதில் சொன்னார் அந்த அம்மையார்.

அதிகாரிகள் திகைத்தார்கள். அவரோ அதற்கும் ஒரு வழி சொன்னார். ஊரில் இருக்கும் மூன்று விளம்பர நிறுவனங்களைக் கேட்டுப் பாருங்கள். என்னை வேலைக்கு எடுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு சம்பளம் தருவார்கள் என்று அவர்களே சொல்லட்டும் என்றார். கேட்டார்கள். ஒரு நிறுவனம் 65,000 டாலர் என்றது. இன்னொன்று 80,000 என்றது. மற்றொன்று 1,10,000 என்றது. நடுவில் நின்ற 80,000 டாலர் அவருக்குக் கடனாகக் கிடைத்தது!

ஒரு பெண்ணின் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சந்தையில் என்ன மதிப்பு என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்கி, அதையே சொத்தாகக் காட்டிய சாதுரியத்தை என்னென்பது! எங்களிடம் என்ன இருக்கிறது என்று சோர்ந்து உட்காரும் பெண்கள் இந்த நிகழ்ச்சியை மறக்கலாகாது.

பெயருக்குள் ஒரு தந்திரம்

1970-இல் நிறுவனம் பிறந்தது. என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘பிராக்டர் அண்டு கார்ட்னர்’. கேட்டால் இரு கூட்டாளிகள் சேர்ந்து நடத்துவது போலத் தோன்றுகிறதல்லவா? உண்மையில் கார்ட்னர் என்பது அவருடைய தந்தை வழிப் பெயர். பிராக்டர் என்பது கணவர் வழிப் பெயர். இரண்டும் அவரே!

ஒரு பெண் மட்டும் தனியே நடத்துகிறாள் என்றால் வாடிக்கையாளர்கள் தயங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். உள்ளே எங்கோ திருவாளர் கார்ட்னர் என்று ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார் போலும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அவரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இதைப் படித்தால் முதலில் சிரிப்பு வருகிறது. அடுத்த கணம், திறமைசாலியான ஒரு பெண் இல்லாத ஆணின் நிழலில் நின்று தொழில் நடத்த வேண்டியிருந்ததே என்று நெஞ்சு கனக்கிறது.

அமெரிக்காவில் சொந்த விளம்பர நிறுவனம் கண்ட முதல் கறுப்பினப் பெண்மணி அவர் என்று வரலாற்றில் இடம்பெற்றுவிட்டார். முதல் வாடிக்கையாளர் கிடைக்கவே மாதங்கள் ஆயின. பின்னர் சிகாகோவின் ஜுவல் மளிகைக் கடைகளும் கிராஃப்ட் உணவு நிறுவனமும் அவரைத் தேடி வந்தன.

தொழில் வளர்ந்த பின்னரும் அவர் ஒரு கொள்கையை வைத்திருந்தார். மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரம் செய்வதில்லை. தம் மக்கள் வாழும் பகுதிகளில் இவ்விரண்டும் என்ன கேடு விளைவித்தன என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். பெண்களை இழிவாகக் காட்டும் விளம்பரமும் வேண்டாம் என்றார். அந்நாளில் விளம்பரத்துக்கு வாரி இறைத்த தொழில்களில் மதுவும் புகையிலையும் முன்வரிசையில் நின்றன. வாசலுக்கு வரும் அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்புவது எளிதா? எளிதல்ல. ஆயினும் செய்ய முடிந்தது. ஏனென்றால் இம்முறை நாற்காலி அவருடையது!

1984-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டுப் பேருரையில், சேரியிலிருந்து எழுந்து பல மில்லியன் டாலர் விளம்பர நிறுவனத்தை உருவாக்கியவர் என்று பார்பரா பிராக்டரின் பெயரைக் குறிப்பிட்டார். மின்விளக்கு இல்லாத குடிசையில் பாட்டி சொன்ன வார்த்தை பலித்துவிட்டது.

அதிகாரத்துக்கு இரு முனைகள்

உரிமையாளர் ஆகிவிட்டால் பெண் எப்போதும் நல்லதையே செய்வாள் என்று சொல்ல வருகிறோமா? இல்லை. அப்படிச் சொன்னால் அது உண்மைக்கு மாறானது. மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

அதே காலத்தில் நியூயார்க்கில் மேரி வெல்ஸ் என்னும் பெண்மணி புகழின் உச்சியில் இருந்தார். 1928-இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு, 1965-இல் பிரானிஃப் என்னும் விமானக் கம்பெனியின் விமானங்களுக்கு வண்ண வண்ணமாகப் பூசச் செய்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். அவருக்கு அதிகாரம் தர மேலிடம் தயாராக இருந்தது. ஆனால் ‘தலைவர்’ என்ற பட்டத்தைத் தர மறுத்தது. ஒரு பெண்ணைத் தலைவராக ஏற்க உலகம் இன்னும் பக்குவப்படவில்லை என்று காரணம் கூறியது.

மேரி வெளியேறினார். 1966-இல் இரு ஆண்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு தம் பெயரை முன்னே வைத்து ‘வெல்ஸ் ரிச் கிரீன்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் விலைபோயின. அச்சந்தையில் இடம்பெற்ற ஒரு நிறுவனத்துக்குத் தலைமை நிர்வாகியாக விளங்கிய முதல் பெண் அவரே. 1977-இல் நியூயார்க் மாநிலத்தை நேசிக்கிறேன் என்று சொல்லும் புகழ்பெற்ற சுற்றுலா விளம்பரமும் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததுதான்.

அவரும் ஒரு முறை ‘வேண்டாம்’ என்று சொன்னதுண்டு. 1967-இல் பிரானிஃப் விமானக் கம்பெனியின் தலைவரையே மணந்துகொண்டார். கணவருடைய கம்பெனிக்கு மனைவி விளம்பரம் செய்வது முறையாகாது என்று கருதி, தம் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளரான பிரானிஃபை விட்டுக்கொடுத்தார். 1968-இல் வேறொரு விமானக் கம்பெனியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அதே நிறுவனம் தொடங்கிய ஆண்டிலேயே எடுத்துக்கொண்ட இன்னொரு விளம்பரம் சிகரெட் விளம்பரம்! நீளமான சிகரெட் ஒன்று லிப்ட் கதவில் மாட்டி ஒடிவதாகவும், எதிரே இருப்பவர் படிக்கும் நாளிதழைப் பொசுக்குவதாகவும் காட்டி, பார்ப்போரைச் சிரிக்க வைத்தே அதை விற்றார்கள். புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அந்நாட்டு அரசின் தலைமை மருத்துவர் 1964-இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தார். 1971-ஆம் ஆண்டு ஜனவரி தொடக்கத்தோடு தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரங்கள் சட்டத்தால் நிறுத்தப்பட்டன.

ஒருவர் ஏற்றார், மற்றவர் மறுத்தார். இருவருமே உரிமையாளர்கள். ஆகவே உரிமை என்பது நன்மைக்கு உத்தரவாதம் அல்ல. நன்மை செய்ய நினைப்பவருக்கு அதைச் செய்ய இடம் தருவது. தீமையைச் செய்தால் அதற்குரிய பொறுப்பையும் அவர் தலையிலேயே ஏற்றுவது. ‘மேலிடம் சொன்னது, செய்தேன்’ என்று முதலாளி தப்பிக்க முடியாது.

சட்டம் திறந்த கதவுகள்

பார்பரா கடன் கேட்டுப் போன காலத்தில் அமெரிக்க வங்கிகள் பெண்ணுக்குக் கடன் மறுப்பதும், கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வற்புறுத்துவதும் சாதாரணம். சமவாய்ப்புக் கடன் சட்டம் 1974-இல்தான் வந்தது. அதன் பின்னரும், பெண் தொழில் தொடங்கக் கடன் கேட்டால் ஆண் உறவினர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்க இடமளிக்கும் சட்டங்கள் சில மாநிலங்களில் நீடித்தன. 1988-இல் நாடு முழுவதற்குமான சட்டம் ஒன்று அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நாகரிகத்தில் முன்னே நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தேசத்தில் இவை நம் காலத்திலேயே நடந்தவை!

இன்று அந்நாட்டு அரசு, பெண்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கென்று சில ஒப்பந்தங்களை ஒதுக்கித் தருகிறது. அதற்குரிய விதியைக் கவனியுங்கள். நிறுவனத்தில் குறைந்தது 51 விழுக்காடு பெண்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. அன்றாட நிர்வாகமும் நீண்டகால முடிவுகளும் பெண்கள் கையிலேயே இருக்க வேண்டும். ஏன் இந்த இரண்டாவது நிபந்தனை? பத்திரத்தில் மனைவியின் பெயரை எழுதிவிட்டுக் கடையைக் கணவர் நடத்தும் வித்தை அங்கேயும் உண்டு போலும்! பினாமி நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

நம் இல்லங்களை நோக்கி

சகோதரிகளே, பெற்றோர்களே! இனி நம் வீட்டைத் திரும்பிப் பார்ப்போம். நன்றாக எழுதக்கூடிய மகள், கணினியில் அழகாக வடிவமைக்கத் தெரிந்த மருமகள், நாலு பேரிடம் கணீரென்று பேசத் தெரிந்த தங்கை இன்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். உறவினர் கடைக்கு அறிவிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். திருமண அழைப்பிதழ் வடிவமைக்கிறார்கள். கைப்பேசி வழியே வியாபாரத்துக்குப் படம் தயாரித்துத் தருகிறார்கள். ‘சும்மா செய்து கொடேன்’ என்று வாங்கிப் போகிறோம். அது ஒரு தொழில், அதற்கு ஒரு விலை உண்டு என்று நமக்குத் தோன்றுவதேயில்லை. மூன்று நிறுவனங்களிடம் தம் விலையைக் கேட்டுச் சொல்லச் சொன்ன பார்பரா அம்மையாரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலையே ஒரு சிறு நிறுவனமாக வளர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறது? வங்கியில் யார் கையெழுத்துச் செல்லும்? தகாத வேலை ஒன்று வாசலுக்கு வந்தால் ‘மாட்டோம்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு? இம்மூன்றுக்கும் விடையாக அந்தப் பெண்ணின் பெயரே வந்தால்தான் அவர் உரிமையாளர். இல்லாவிட்டால் சொந்த வீட்டிலேயே அவர் சம்பளமில்லாத ஊழியர்!

தந்தையரும் சகோதரர்களும் கணவன்மாரும் துணை நிற்க வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தாராளமாக நிற்கட்டும். பக்கத்தில் நிற்கட்டும், ‘திருவாளர் கார்ட்னராக’ முன்னே வந்து மறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

முடிவு என்ன ஆயிற்று?

உண்மையை முழுதுமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த நிறுவனங்கள் இரண்டும் இன்று இல்லை. பார்பரா அம்மையாரின் நிறுவனம் 1990-களில் நொடித்தது. 1995-இல் திவால் மனுச் செய்ய நேர்ந்தது. மேரி வெல்ஸ் தம் நிறுவனத்தை 1990-இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்குப் பெரும் விலைக்கு விற்றார், வாங்கியவர்கள் கையில் அது நிலைக்கவில்லை, 1998-இல் மூடப்பட்டது. பார்பரா 2018 டிசம்பரில் 86 வயதில் மறைந்தார். மேரி 2024 மே மாதம் 95 வயதில் லண்டனில் மறைந்தார்.

கொள்கையோடு நடத்தியவரின் நிறுவனமும் மூடப்பட்டது. கொள்கையைப் பார்க்காமல் சிகரெட்டை விற்றவரின் நிறுவனமும் மூடப்பட்டது. பின் எதற்காக அந்தப் பாடு என்று கேட்கலாம். வாணிபம் என்றாலே ஏற்றமும் இறக்கமும்தான். எந்தக் கடையும் என்றென்றைக்கும் திறந்திருப்பதில்லை. திறந்திருந்த காலத்தில் அந்தக் கடை எதை விற்றது, எதை விற்க மறுத்தது என்பதுதான் கணக்கில் நிற்கிறது.

1969-இல் பார்பரா ‘மாட்டேன்’ என்றபோது அவர் கையிலிருந்த வேலை போயிற்று. 1970-க்குப் பின் அதே ‘மாட்டேன்’ ஒரு நிறுவனத்தின் கொள்கையாயிற்று. நாளை காலை நாளிதழைப் பிரிக்கும்போது, அதில் கண்ணைக் கவரும் விளம்பரம் ஒன்றைக் கண்டால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் மகளிடம் அதைக் காட்டுங்கள். ‘இதை எழுதியவர் யாராக இருக்கும்?’ என்று கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். ‘இது உன் நிறுவனமாக இருந்தால் இதை வெளியிட்டிருப்பாயா?’ என்றும் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்!